கூரையைப் பிரித்துவிட்டுக் காணாமல் போகும் கான்ட்ராக்டர்: டெக்சாஸ் வீட்டுக்காரர்கள் கவனத்துக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். டெக்சாஸில் வசந்த காலத்தில் ஆலங்கட்டி மழை அடித்து ஓய்ந்த மறுநாளே கூரை கான்ட்ராக்டர்கள் தெருத்தெருவாக வந்து கதவைத் தட்டுவார்கள். "இன்சூரன்ஸே முழுப் பணத்தையும் கொடுத்துவிடும், இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கள்" என்பார்கள். பெரும்பாலானவர்கள் வேலையை ஒழுங்காக முடித்துக் கொடுக்கிறார்கள். சிலர் முதல் செக்கை வாங்கியதும், சில நேரம் பழைய ஷிங்கிளை (கூரை மேல் பதிக்கும் தகடுகளை) உரித்துக் கீழே போட்டதும், போனை எடுப்பதை நிறுத்திவிடுகிறார்கள். டாலஸ், ஹூஸ்டன், ஆஸ்டின் பக்கம் வீடு வாங்கியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த நிலை வந்தால் சட்டப்படி என்ன வழி இருக்கிறது, எதை முதலில் செய்ய வேண்டும் என்று விளக்கவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு தவறான நம்பிக்கையை விட்டுவிட வேண்டும். இன்சூரன்ஸ் கொடுத்த பணத்தில் வேலை நடந்ததால், கான்ட்ராக்டர் ஏமாற்றினால் இன்சூரன்ஸ் கம்பெனியே பார்த்துக்கொள்ளும் என்று பலர் காத்திருக்கிறார்கள். அப்படி நடக்காது. பாலிசி உங்களுக்கும் கம்பெனிக்கும் இடையிலானது. கூரை ஒப்பந்தம் உங்களுக்கும் கான்ட்ராக்டருக்கும் இடையிலானது. கம்பெனி தன் செக்கைக் கொடுத்ததோடு அந்தத் தொகைக்கான அதன் பொறுப்பு முடிந்தது. அதே கூரைக்கு இரண்டாம் முறை தராது, கான்ட்ராக்டரையும் துரத்தாது. துரத்த வேண்டியவர் நீங்கள்தான். காணாமல் போன முதல் இரண்டு வாரங்களில் நீங்கள் எழுதி அனுப்பும் கடிதங்களும் எடுத்து வைக்கும் படங்களும்தான் பின்னால் கோர்ட்டில் நிற்கும்.

பணம் எப்படி ஓடுகிறது என்று ஒரு கணக்கில் பார்ப்போம். கூரையைப் புதிதாகப் போட 24,000 டாலர் ஆகும் என்று அட்ஜஸ்டர், அதாவது சேதத்தை மதிப்பிடும் இன்சூரன்ஸ் ஆள், எழுதுகிறார். பழைய கூரையின் தேய்மானம் 8,000. உங்கள் டிடக்டிபிள், அதாவது நீங்கள் கையிலிருந்து போட வேண்டிய பங்கு, 3,000. முதல் செக் 13,000 டாலருக்கு வரும். தேய்மானமாகப் பிடித்து வைத்த 8,000, வேலை முடிந்து இறுதி பில் போன பிறகுதான் வரும். கான்ட்ராக்டர் அந்த 13,000-ஐ வாங்கிக்கொண்டு கூரையை உரித்துவிட்டுப் போய்விட்டார். மீதியை முடிக்க இன்னொருவர் 21,000 கேட்கிறார். உங்கள் நஷ்டம் எவ்வளவு? 21,000 என்று பலர் எழுதுகிறார்கள். 13,000 என்று சிலர். இரண்டும் தவறு. பழைய ஒப்பந்தத் தொகையான 24,000-இல் கொடுத்த 13,000 போக, நீங்கள் இன்னும் 11,000 கொடுக்க வேண்டியிருந்தது. முடிக்க ஆகும் 21,000-இல் அந்த 11,000-ஐக் கழித்தால் 10,000. அதுதான் ஒப்பந்த மீறலுக்கான அடிப்படை நஷ்டம். வேறு வழியாகவும் சரிபார்க்கலாம்: பழையவருக்கு 13,000, புதியவருக்கு 21,000 என மொத்தம் 34,000 செலவு, இன்சூரன்ஸ் தருவது 13,000-மும் 8,000-மும் சேர்ந்து 21,000, உங்கள் டிடக்டிபிள் 3,000, மிச்சம் 10,000. தார்ப்பாய்க்குக் கொடுத்த பணம், மழையில் நனைந்த சீலிங் ஆகியவை இதற்கு மேல் தனியாகச் சேரும்.

இந்தக் கணக்கில் இன்னும் கைக்கு வராத 8,000 டாலரைக் காப்பாற்றுவது முதல் வேலைகளில் ஒன்று. தேய்மானத் தொகையைக் கேட்கப் பாலிசிகளில் கெடு இருக்கும். பாலிசிக்குப் பாலிசி மாறும். ஓடிப்போன ஆளைத் தேடிக்கொண்டிருக்கும்போது அந்தக் கெடு கடந்துபோகிறது. ஆகவே "கான்ட்ராக்டர் வேலையைக் கைவிட்டுவிட்டார், வேறு ஆளை வைத்து முடிக்கிறேன், கெடுவை நீட்டித்து எழுத்தில் உறுதி தாருங்கள்" என்று க்ளைம் எண்ணைப் போட்டு உடனே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். போனில் சொன்னது கணக்கில் வராது.

சட்டத்துக்கு முன் கூரை. பாலிசிதாரர் மேற்கொண்டு சேதம் வராமல் காக்க நியாயமான முயற்சி எடுக்க வேண்டும் என்பது வீட்டு இன்சூரன்ஸ்களில் பொதுவாக உள்ள நிபந்தனை. இதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. மழைத்தண்ணீர் வீட்டுக்குள் வந்தால், காற்றோ ஆலங்கட்டியோ கூரையில் ஓட்டை போட்டு அதன் வழியாக வந்திருந்தால்தான் பல பாலிசிகள் உள்சேதத்துக்குப் பணம் தரும். கான்ட்ராக்டர் உரித்துப் போட்ட இடம் வழியாக வந்த தண்ணீருக்கு, "இது புயல் செய்த ஓட்டை இல்லை" என்று கம்பெனி மறுக்க இடமிருக்கிறது. அதனால் தார்ப்பாயை அன்றைக்கே போட வேண்டும். முகட்டைத் தாண்டி மறுபக்கம் மூன்று நான்கு அடி இறங்கும் அளவுக்குத் தார்ப்பாய் வேண்டும். ஓரத்தை மரச் சட்டத்தில் சுற்றி ஸ்க்ரூ போட வேண்டும். மேலே செங்கல்லை வைத்தால் முதல் காற்றிலேயே தார்ப்பாய் போய்விடும், செங்கல்லும் கீழே விழும். ஷிங்கிளுக்கு அடியில் போடும் சிந்தெடிக் விரிப்பான அண்டர்லேமென்ட் ஏற்கெனவே விரித்திருந்தாலும் அதை நம்பி விடாதீர்கள். வெயிலில் எத்தனை நாள் தாங்கும் என்று தயாரிப்பாளர் ஒரு வரம்பு வைத்திருப்பார். ரோலின் லேபிளைப் படம் எடுத்து வையுங்கள். நீங்களே ஏறாதீர்கள், ஆள் வைத்துச் செய்து ரசீது வாங்குங்கள்.

தார்ப்பாய் போடுவதற்கு முன் படங்கள். கூரையின் ஒவ்வொரு சரிவும், பலகை தெரியும் இடம், புகைபோக்கியைச் சுற்றித் தண்ணீர் புகாமல் தடுக்கும் பிளாஷிங் தகடு, குழாய்கள் வெளிவரும் இடம், ஓரத் தகடு என எல்லாவற்றையும் தேதியோடு எடுங்கள். டிரைவ்வேயில் கிடக்கும் சாமானையும் எண்ணுங்கள். சாதாரண ஷிங்கிளில் மூன்று கட்டு சேர்ந்தால் ஒரு ஸ்கொயர், அதாவது 100 சதுர அடி. 30 ஸ்கொயர் கூரைக்கு வேஸ்டேஜ் போக 90 கட்டு வேண்டும். 20 கட்டுதான் கிடக்கிறது என்றால், வாங்கிய பணத்தில் எவ்வளவு சாமானாக மாறியது என்பது அதிலேயே தெரிந்துவிடும். கட்டுகளோடு வந்த டெலிவரி சீட்டில் சப்ளையரின் கிளை இருக்கும். அந்தக் கிளைக்குப் போன் செய்து அந்தச் சரக்குக்குப் பணம் கட்டப்பட்டதா என்று கேளுங்கள். இதை மிகச் சிலரே செய்கிறார்கள், ஆனால் லீன் (பணம் கிடைக்காதவர் உங்கள் வீட்டின் மேல் கோரும் உரிமை) வருமா என்பது இந்த ஒரு போனில் தெரிந்துவிடும்.

அடுத்து நோட்டீஸ். ஒப்பந்தத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரை படியுங்கள். ரத்து செய்வது எப்படி, நோட்டீஸ் எந்த முகவரிக்கு, ஆர்பிட்ரேஷன் (கோர்ட்டுக்குப் போகாமல் நடுவரிடம் தீர்க்கும்) ஷரத்து இருக்கிறதா என்பவை பெரும்பாலும் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும். பல கூரை ஒப்பந்தங்களில் விலையே இருக்காது, "இன்சூரன்ஸ் ஒப்புக்கொள்ளும் தொகைக்கு" என்று மட்டும் இருக்கும். அப்படியானால் அட்ஜஸ்டரின் வரிவாரியான எஸ்டிமேட்தான் நடைமுறையில் உங்கள் வேலைப் பட்டியல். அதன் கடைசித் திருத்தப் பிரதியைக் கம்பெனியிடம் கேட்டு வாங்குங்கள். நோட்டீஸில் ஒப்பந்தத் தேதி, கொடுத்த தொகைகளும் தேதிகளும், செய்த வேலை, செய்யாத வேலை, இந்தத் தேதிக்குள் ஆள் வந்து வேலை தொடங்க வேண்டும் என்ற கெடு ஆகியவை இருக்கட்டும். ஒப்பந்தம் வேறு சொல்லாவிட்டால் பத்து நாள் நியாயமானது. ரிட்டர்ன் ரசீதோடு சர்டிஃபைட் மெயிலில் அனுப்புங்கள். அதே கடிதத்தை மின்னஞ்சலிலும், கம்பெனி பதிவில் உள்ள ரெஜிஸ்டர்டு ஏஜென்ட் (கம்பெனி சார்பில் சட்டக் கடிதங்களைப் பெறுபவர்) முகவரிக்கும் அனுப்புங்கள். கடிதம் திரும்பி வந்தால் உறையைப் பிரிக்காமல் வையுங்கள், அதுவே சாட்சி. "பணத்தைத் தராவிட்டால் போலீஸில் பிடித்துக் கொடுப்பேன்" என்று மட்டும் எழுதாதீர்கள். கிரிமினல் புகாரைக் காட்டி மிரட்டிப் பணம் கேட்பது உங்களுக்கே வினையாகலாம். புகார் கொடுக்க வேண்டுமென்றால் கொடுங்கள், பேரமாக்க வேண்டாம்.

கெடு முடிந்தும் ஆள் வரவில்லை என்றால், ஒப்பந்தத்தை முடித்துக்கொள்கிறேன் என்று இரண்டாவது கடிதம். இதைத் தவிர்த்துவிட்டு நேராகப் புது ஆளை வைப்பதுதான் நான் பார்க்கும் மிகப் பெரிய தவறு. முறையாக முடிக்காத ஒப்பந்தம் உயிரோடு இருக்கும். பழைய ஆள் திடீரென்று தோன்றி, "வேலை செய்ய விடாமல் என்னை நீக்கிவிட்டார்கள்" என்று ஒப்பந்தத்தில் உள்ள ரத்துக் கட்டணத்தைக் கேட்பார். தப்பு அவர் பக்கம் என்று இருந்த வழக்கு, யார் முதலில் மீறினார் என்ற வாக்குவாதமாக மாறிவிடும்.

அதே நாளில் இன்னும் இரண்டு கடிதங்கள் போக வேண்டும். ஒன்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு: கான்ட்ராக்டருக்கு நேரடியாகப் பணம் கொடுக்க நான் கையெழுத்திட்ட அனுமதி எதுவாயினும் ரத்து, இனி எந்தச் செக்கிலும் அவர் பெயர் வரக்கூடாது. இன்னொன்று மார்ட்கேஜ் (வீட்டுக்கடன்) கம்பெனியில் இன்சூரன்ஸ் செக்குகளைக் கவனிக்கும் லாஸ் டிராஃப்ட் பிரிவுக்கு. கடன் உள்ள வீட்டில் செக் உங்கள் பெயரிலும் மார்ட்கேஜ் கம்பெனி பெயரிலும் சேர்ந்து வரும். பெரிய தொகையென்றால் அவர்களே வைத்துக்கொண்டு, வேலை நடக்க நடக்கப் பகுதி பகுதியாக, இன்ஸ்பெக்ஷன் செய்து விடுவிப்பார்கள். பலருக்கு இது எரிச்சலாக இருக்கும். கான்ட்ராக்டர் ஓடும்போது அந்தத் தாமதம்தான் மீதிப் பணத்தைக் காப்பாற்றியிருக்கும். புது ஆளின் ஒப்பந்தத்தையும் வரிப் படிவத்தையும் அவர்களுக்கு மறுபடி கொடுக்க வேண்டும். உங்கள் கையெழுத்தைப் போலியாகப் போட்டு யாராவது செக்கை மாற்றியிருந்தால், போலிக் கையெழுத்துக்கான உறுதிமொழிப் பத்திரத்தோடு செக் கொடுத்த கம்பெனியையும் வங்கியையும் உடனே அணுகுங்கள். அது கான்ட்ராக்டர் மேல் போடும் வழக்கைவிட வேகமாகப் பணம் திரும்பும் வழி.

இனி லீன். நீங்கள் கான்ட்ராக்டருக்குப் பணம் கொடுத்துவிட்டாலும், அவர் சப்ளையருக்கோ கூலியாட்களுக்கோ கொடுக்காவிட்டால் அவர்கள் உங்கள் வீட்டின் மேல் உரிமை கோரலாம். டெக்சாஸ் சட்டம் வீட்டுக்காரருக்கு இங்கே சில கவசங்களைக் கொடுத்திருக்கிறது. குடியிருக்கும் சொந்த வீட்டின் மேல் லீன் செல்ல, வேலை தொடங்கும் முன் எழுத்து ஒப்பந்தம் இருக்க வேண்டும், கணவன் மனைவி இருவரும் கையெழுத்திட்டிருக்க வேண்டும், அது கவுண்டி கிளார்க்கிடம் பதிவாகியிருக்க வேண்டும். வீட்டு வாசலில் ஒருவரிடம் மட்டும் கையெழுத்து வாங்கிய ஒப்பந்தம் இதில் தேறாது. ஆகவே லீன் நோட்டீஸ் வந்தால் பயந்து இரண்டாம் முறை பணம் கட்டுவதற்கு முன் இந்த மூன்றையும் பாருங்கள். அடுத்தது, வேலை நடக்கும்போதும் முடிந்து 30 நாள் வரையும் ஒப்பந்தத் தொகையில் 10 சதவீதத்தை வீட்டுக்காரர் பிடித்து வைக்க வேண்டும் என்று டெக்சாஸ் சொத்துச் சட்டம் சொல்கிறது. "முழுவதும் இப்போதே கொடுங்கள்" என்று கேட்பவரிடம் இந்தச் சட்டத்தைக் காட்டலாம்.

புது ஆளைத் தேடும்போது விலை அதிகமாகச் சொல்வார்கள். அதற்குக் காரணம் உண்டு. பாதியில் விட்ட கூரையில் ஆணி சரியான கோட்டில் அடிக்கப்பட்டதா, ஓரத் தகடு அண்டர்லேமென்டுக்கு எந்தப் பக்கம் போயிருக்கிறது, நனைந்த பலகை உப்பியிருக்கிறதா என்று மேலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. ஷிங்கிள் தயாரிப்பாளரின் வாரண்டிக்கும் தன் வேலைக்கும் அவர் பொறுப்பேற்க வேண்டும் என்பதால் முந்தையவர் போட்டதை உரித்துவிட்டே தொடங்குவார். அந்தக் காரணத்தை அவர் எஸ்டிமேட்டிலேயே வரிவரியாக எழுதித் தரச் சொல்லுங்கள்: எத்தனை பலகை மாற்ற வேண்டும், ஏன் அண்டர்லேமென்டை எடுக்க வேண்டும் என்று. அது இல்லாவிட்டால் மேலே சொன்ன 21,000-ஐ எதிர்த்தரப்பு, "விலையை ஏற்றிக் காட்டுகிறார்" என்று உடைக்கும். நகராட்சி பெர்மிட்டையும் மறக்கக் கூடாது. பழையவர் பெயரில் எடுத்த பெர்மிட் திறந்தபடியே கிடக்கும். வேலை 180 நாள் நின்றுபோனால் பெர்மிட் செல்லாது என்பது பெரும்பாலான ஊர்கள் பின்பற்றும் விதி. கட்டட அலுவலகத்தில் கான்ட்ராக்டர் மாற்றத்துக்கு எழுதிக் கொடுங்கள்.

வழக்குக்கு வருவோம். 20,000 டாலர் வரை சிறு வழக்குகளைக் கேட்கும் டெக்சாஸ் ஜஸ்டிஸ் கோர்ட்டில் வக்கீல் இல்லாமலே போடலாம். 2020 செப்டம்பர் முதல் இந்த வரம்பு. நம் உதாரணத்தின் 10,000 அதற்குள் அடங்கும். ஆனால் ஏமாற்று வணிகச் சட்டமான டி.டி.பி.ஏ. கீழ் போனால், கான்ட்ராக்டர் தெரிந்தே செய்தார் என்று நிரூபித்தால் பொருளாதார நஷ்டத்தில் மூன்று மடங்கு வரையும் வக்கீல் கட்டணமும் கிடைக்க வழியுண்டு. இதற்கு வழக்கு போடுவதற்கு 60 நாள் முன்பு நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். செய்த வேலை மோசம் என்பது புகாரானால் வீட்டுக் கட்டுமானப் பொறுப்புச் சட்டமும் உள்ளே வரும். அதற்கும் 60 நாள் நோட்டீஸ் உண்டு. கான்ட்ராக்டர் எழுதிக் கேட்டால் நோட்டீஸ் கிடைத்த 35 நாளுக்குள் வந்து பார்க்க விட வேண்டும். அவசரத்தில் எல்லாவற்றையும் உரித்துவிட்டால் அவர் பார்க்க எதுவும் இருக்காது. ஆகவே முதல் நோட்டீஸிலேயே பார்வையிட அழைத்துவிடுங்கள், உரித்த துண்டுகள் சிலவற்றை எடுத்து வையுங்கள்.

கம்பெனியைக் கலைத்துவிட்டு வேறு பெயரில் கடை திறப்பவர்களுக்கு எதிராக டெக்சாஸ் சொத்துச் சட்டத்தின் 162-ஆம் அத்தியாயம் பலருக்குத் தெரியாத ஆயுதம். கட்டுமான ஒப்பந்தத்தின் கீழ் கொடுக்கப்படும் பணம் அறக்கட்டளைப் பணம்போலக் காக்கப்பட வேண்டியது என்கிறது அது. குடியிருப்புக் கட்டுமான ஒப்பந்தத்தில் வீட்டுக்காரரும் அதன் பயனாளி. அந்தப் பணத்தைக் கையாண்ட கம்பெனி அதிகாரியோ இயக்குநரோ தாமே பொறுப்பாளர். எல்.எல்.சி. என்ற பெயருக்குப் பின்னால் ஒளிய முடியாது. 500 டாலரோ அதற்கு மேலோ தெரிந்தே வேறு காரியத்துக்குத் திருப்பினால் குற்றம். ஏமாற்றும் நோக்கம் இருந்தால் ஃபெலனி, அதாவது பெருங்குற்றம். போலீஸ் நிலையத்தில் "இது சிவில் விவகாரம்" என்று திருப்பி அனுப்பினால், செக் நகல்களோடும் சப்ளையர் தந்த பதிலோடும் மாவட்ட அரசு வழக்கறிஞர் அலுவலகத்தில் இந்த அத்தியாயத்தைச் சுட்டிப் புகார் கொடுங்கள். ஒரே ஆள் மேல் பல குடும்பங்கள் புகார் கொடுத்தால்தான் அசைவார்கள். அக்கம்பக்கத்தில் அதே நிறுவனத்தின் போர்டு எந்த வீட்டு முன்னால் இருந்தது என்று கேட்டுப் பாருங்கள்.

கிரெடிட் கார்டில் பணம் கொடுத்திருந்தால் ஃபெடரல் சட்டப்படி அந்த ஸ்டேட்மென்ட் அனுப்பிய 60 நாளுக்குள் எழுத்தில் தகராறு கொடுக்க வேண்டும். கான்ட்ராக்டர் ஏற்பாடு செய்த கடன் என்றால், அவர் மேல் உள்ள வாதங்களைக் கடன் கொடுத்தவர் மேலும் வைக்க ஃபெடரல் வர்த்தக ஆணையத்தின் ஹோல்டர் விதி இடம் தருகிறது. கான்ட்ராக்டருடைய லயபிலிட்டி இன்சூரன்ஸ் (அவரால் பிறருக்கு வரும் சேதத்துக்கானது) வேலையைக் கைவிட்டதற்குப் பணம் தராது. திறந்த கூரை வழியாக நனைந்த உள்சேதத்துக்குக் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் பல கூரை பாலிசிகளில் திறந்த கூரைச் சேதத்தை விலக்கும் ஷரத்து இருக்கும்.

கான்ட்ராக்டர் திவால் மனு கொடுத்தால் வழக்கு அப்படியே நின்றுவிடும். கோர்ட் அனுப்பும் உறையைக் குப்பையில் போடாதீர்கள். அதில் உள்ள தேதிக்குள் க்ளைம் படிவம் கொடுக்க வேண்டும். குடும்ப உபயோகத்துக்கான சேவைக்குக் கொடுத்த முன்பணத்தில் ஒருவருக்கு 3,800 டாலர் வரை முன்னுரிமை உண்டு. 2025 ஏப்ரல் முதல் தொடங்கிய மனுக்களுக்கு இந்தத் தொகை. தனிநபராகத் திவால் போட்டு, பணத்தை ஏமாற்றி வாங்கினார் என்றால் அந்தக் கடன் தள்ளுபடியாகாமல் தடுக்கலாம். அதற்கான மனுவைக் கடன்காரர் கூட்டத்துக்கு முதலில் குறித்த தேதியிலிருந்து 60 நாளுக்குள் போட வேண்டும். இந்த ஒரு கட்டத்தில் வக்கீல் செலவைப் பார்க்காதீர்கள்.

மற்ற மாநிலங்களில் இருப்பவர்களுக்குச் சுருக்கமாக. ஃபுளோரிடாவில் லைசென்ஸ் உள்ள கான்ட்ராக்டர் காரணமின்றித் தொடர்ந்து 90 நாள் வேலை செய்யாவிட்டால் கைவிட்டதாகக் கொள்ளலாம். 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கியவர் 30 நாளுக்குள் பெர்மிட்டுக்கு மனு செய்ய வேண்டும். கலிஃபோர்னியாவில் வீட்டு வேலைக்கு முன்பணம் 10 சதவீதம் அல்லது 1,000 டாலர், இதில் எது குறைவோ அதுவே வரம்பு. லைசென்ஸ் இல்லாதவருக்குக் கொடுத்த பணம் முழுவதையும் திரும்பக் கேட்கலாம், லைசென்ஸ் உள்ளவரிடம் 25,000 டாலர் பாண்ட் (பிணைத் தொகை) இருக்கும். கொலராடோவில் சாமான் வந்து இறங்கும் வரை அல்லது வேலையில் பெரும்பகுதி முடியும் வரை முன்பணத்தைக் கூரை கான்ட்ராக்டர் அறப்பணமாக வைத்திருக்க வேண்டும்.

டெக்சாஸில் கூரை வேலைக்கு மாநில லைசென்ஸே கிடையாது. முடிதிருத்தக் கடைக்கு லைசென்ஸ் கேட்கும் மாநிலத்தில், பல்லாயிரம் டாலர் இன்சூரன்ஸ் பணம் கைமாறும் தொழிலுக்கு ஒரு பாண்டுகூட வேண்டாம் என்பது நியாயமில்லை. இதை நம் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஒவ்வொருவரும் எழுத வேண்டும். அதுவரை, கதவைத் தட்டி விற்றவரிடம் கையெழுத்திட்டால் மூன்றாம் வேலை நாள் நள்ளிரவு வரை ரத்து செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு. "டிடக்டிபிளை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பவரை அப்போதே அனுப்பிவிடுங்கள். 2019 செப்டம்பர் முதல் அது இங்கே சட்டவிரோதம், தேய்மானத் தொகையை விடுவிக்கும் முன் டிடக்டிபிள் கட்டியதற்கு ஆதாரம் கேட்க இன்சூரன்ஸ் கம்பெனிக்கு உரிமை உண்டு. ஆளுநர் பேரிடர் அறிவித்த பகுதியில், அந்தக் கவுண்டியிலோ பக்கத்துக் கவுண்டியிலோ ஓராண்டாக அலுவலகம் இல்லாத கான்ட்ராக்டர் சீரமைப்பு வேலையைத் தொடங்கும் முன் பணமே கேட்கக்கூடாது.

வேலை முடிந்ததாகச் சான்றளிக்கும் தாளை முதல் நாளே கட்டோடு கட்டாக நீட்டுவார்கள். நகராட்சி இறுதி இன்ஸ்பெக்ஷன் முடிந்து, சப்ளையரின் லீன் விடுவிப்புத் தாள் கையில் வரும் வரை அதில் கையெழுத்திடாதீர்கள். அந்தத் தாள் போனால்தான் இன்சூரன்ஸ் கம்பெனி மீதிப் பணத்தை விடும்.

இப்படிக்கு,
கட்டுமான ஒப்பந்தத் தகராறுகளைக் கவனிக்கும் வாசகர்,
டாலஸ், டெக்சாஸ்.